ஜோ லூயிஸ்: 124 வினாடி வெற்றியும் வாழ்நாள் கடனும்

குடும்பம் வறுமையில் கிடந்த காலத்தில் டெட்ரோயிட் நகரம் கொடுத்த நிவாரணப் பணத்தை, கையில் காசு புழங்கத் தொடங்கியதும் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கட்டினார் ஜோ லூயிஸ். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு குத்துச்சண்டை வீரர். நிவாரண வரிசைகளில் நின்று பழகிய எங்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகவே படும். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1938ஆம் ஆண்டின் ஓர் இரவிலிருந்து தொடங்குவார்கள். நான் இந்தப் பணத்திலிருந்து தொடங்குகிறேன். அவருக்கும் அவருடைய நாட்டுக்கும் இடையிலிருந்த கொடுக்கல் வாங்கல் கடைசிவரை நேராகவில்லை என்பதுதான் அவருடைய கதையில் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கும் விடயம்.

ஜோசப் லூயிஸ் பாரோ 1914 மே 13ஆம் திகதி அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. தகப்பன் பிறருடைய நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிர் செய்தவர். ஜோவுக்கு இரண்டு வயதாகும்போது தகப்பனை மனநல வைத்தியசாலையில் சேர்த்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றே குடும்பம் நம்பியது; தாய் மறுமணமும் செய்துகொண்டார். உண்மையில் தகப்பன் 1938 வரை அந்த வைத்தியசாலையில் உயிரோடு இருந்தார். தன் மகன் உலக சம்பியன் என்பது தெரியாமலே கண்ணை மூடினார்.

1926இல், வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானின் அச்சுறுத்தலுக்குப் பிறகு, குடும்பம் வடக்கே டெட்ரோயிட்டுக்கு இடம்பெயர்ந்தது. ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் அந்த ஆண்டுகளில் அதே பாதையில்தான் போயின. கார்த் தொழிற்சாலை வேலை, நெரிசலான வீடு, பிறகு பொருளாதார வீழ்ச்சி, வேலையிழப்பு, நிவாரணம். மகன் வயலின் பழகட்டும் என்று தாய் கொடுத்த காசை அவர் குத்துச்சண்டைக் கூடத்தில் கட்டினார். 1932இல் நடந்த முதல் அமெச்சூர் போட்டியில் ஏழு தடவை விழுத்தப்பட்டுத் தோற்றார். அதன்பின் சில மாதங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

1934 ஜூலை 4ஆம் திகதி, அமெரிக்காவின் சுதந்திர தினத்தில், சிக்காகோவில் தொழில்முறை வீரராகக் களமிறங்கி முதல் சுற்றிலேயே வென்றார். அவருடைய முகாமையாளர்கள் ஜோன் ரொக்ஸ்பரோவும் ஜூலியன் பிளாக்கும், பயிற்றுநர் ஜாக் பிளாக்பேர்னும் கறுப்பினத்தவர்கள். வெள்ளையர் கையிலிருந்த அந்தத் தொழிலில் இது அபூர்வம். ரொக்ஸ்பரோவின் பணம் சட்டவிரோத லொத்தர் வியாபாரத்தில் வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வேறு யாரிடம் இருந்தது பணம்?

இவர்கள் லூயிஸுக்குப் போட்ட நிபந்தனைகள் புகழ்பெற்றவை. வெள்ளைப் பெண்களோடு படம் எடுக்கக் கூடாது. விழுந்த எதிராளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. வாய் விடக் கூடாது. இதற்கெல்லாம் காரணம் ஜாக் ஜோன்சன். 1908இல் முதலாவது கறுப்பின ஹெவிவெயிட் சம்பியனான ஜோன்சன், 1910இல் இதே ஜூலை 4ஆம் திகதி வெள்ளை வீரர் ஜெஃப்ரிஸை வீழ்த்தியபோது, பல நகரங்களில் கறுப்பினத்தவர்கள் தாக்கப்பட்டார்கள், கொலைகளும் நடந்தன. வெள்ளைப் பெண்களோடு வெளிப்படையாக வாழ்ந்த ஜோன்சனை 1913இல் ஒரு சட்டத்தைப் பிடித்துக் குற்றவாளியாக்கினார்கள். 1915இல் அவர் பட்டத்தை இழந்த பிறகு 22 ஆண்டுகளுக்குக் கறுப்பினத்தவர் எவருக்கும் அந்தப் பட்டம் வாய்க்கவில்லை. ஆகவே லூயிஸின் அமைதியை வெறும் சுபாவமாக நான் பார்ப்பதில்லை. அது உயிர் தப்பும் உபாயம். கை பேசலாம், வாய் பேசக் கூடாது. ஒடுக்கப்பட்ட சனத்தில் பிறந்தவர்களுக்கு இந்த விதியைப் பொழிப்புச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1935 ஜூனில் நியூயோர்க் யாங்கி மைதானத்தில் இத்தாலியின் பிரிமோ கார்னேராவை ஆறாம் சுற்றில் சாய்த்தார். முசோலினி எத்தியோப்பியாவைப் படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. விளையாட்டரங்கில் நடப்பதற்கு வெளியே ஒரு பொருள் ஏறத் தொடங்கியது அங்கேதான்.

பிறகு வந்தவர் ஜேர்மனியின் மக்ஸ் ஷ்மெலிங். வயது 30, முன்னாள் உலக சம்பியன், முடிந்துபோனவர் என்று பத்திரிகைகள் எழுதின. லூயிஸ் அந்தக் கோடையில் கோல்ஃப் விளையாட்டில் மயங்கிக் கிடந்தார், பயிற்சி அரைகுறை. ஷ்மெலிங்கோ லூயிஸின் போட்டிகளை உன்னிப்பாகப் பார்த்து ஒரு பிழையைக் கண்டுபிடித்திருந்தார். இடது கையால் நேராகக் குத்திவிட்டு அந்தக் கையை மீட்கும்போது லூயிஸ் அதைத் தாழ்த்திவிடுவார். கன்னம் ஒரு கணம் காவலில்லாமல் கிடக்கும். அந்தக் கணத்துக்குள் வலது கையைச் செலுத்தினால் போதும். 1936 ஜூன் 19ஆம் திகதி ஷ்மெலிங் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தார். நான்காம் சுற்றில் லூயிஸ் விழுந்து எழுந்தார். 12ஆம் சுற்றில் எழவில்லை.

ஹார்லெமின் தெருக்களில் பெரிய ஆண்கள் நின்று அழுதார்கள். ஷ்மெலிங் ஹிண்டன்பேர்க் வான்கப்பலில் நாடு திரும்பினார். ஹிட்லர் விருந்து கொடுத்தார். போட்டியின் படச்சுருள் ஜேர்மனியெங்கும் திரையரங்குகளில் ஓடியது. இன மேன்மைக்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா என்பது நாஜிகளின் பேச்சு.

இருந்தும் அடுத்த ஆண்டு பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு லூயிஸுக்கே கிடைத்தது. நியாயப்படி அது ஷ்மெலிங்குக்கு உரியது. நாஜி எதிர்ப்பு இயக்கங்களின் பகிஷ்கரிப்பு அச்சுறுத்தலும் பணமும் சேர்ந்து வரிசையை மாற்றின. சம்பியன் ஜேம்ஸ் பிராடொக்கின் தரப்பு, தோற்றாலும் லூயிஸின் போட்டிகளில் கிடைக்கும் இலாபத்தில் 10 ஆண்டுகளுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியது. 1937 ஜூன் 22ஆம் திகதி சிக்காகோவில், முதல் சுற்றில் தானே விழுத்தப்பட்டும், எட்டாம் சுற்றில் பிராடொக்கை வீழ்த்தி லூயிஸ் உலக சம்பியனானார். வயது 23. ஆனாலும் ஷ்மெலிங்கை வெல்லும்வரை தன்னைச் சம்பியன் என்று அழைக்க வேண்டாம் என்பது அவருடைய நிலைப்பாடு.

சரியாக ஓராண்டு கழித்து, 1938 ஜூன் 22. ஹிட்லர் ஒஸ்ட்ரியாவை விழுங்கி மூன்று மாதம். யாங்கி மைதானத்தில் ஏறத்தாழ 70,000 பேர். வெள்ளை அமெரிக்காவின் பெரும்பகுதி அன்றிரவு ஒரு கறுப்பரின் பக்கம் நின்றது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான், கறுப்பினத்தவர்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதைத் தடுக்கும் சட்டமூலத்தைத் தென்மாநில செனட்டர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே சாகடித்தார்கள். லூயிஸ் நாட்டின் மானத்தைக் காக்கலாம். அவருடைய சனத்தின் உயிரைக் காக்க நாட்டுக்கு மனமில்லை.

சண்டை 2 நிமிடம் 4 வினாடி. மணி அடித்ததும் லூயிஸ் நேராகப் போய் ஷ்மெலிங்கைக் கயிற்றோடு சேர்த்து நிறுத்தினார். உடலைத் திருப்பிய ஷ்மெலிங்கின் முதுகுப்புறமாக ஒரு குத்து இறங்கியது. முள்ளந்தண்டின் எலும்பு உடைந்தது. அந்த அலறல் முன்வரிசைகளில் இருந்தவர்களுக்குக் கேட்டது. மூன்று தடவை விழுந்தார். ஷ்மெலிங்கின் பயிற்றுநர் துவாயை உள்ளே எறிந்தார். நடுவர் ஆர்தர் டொனவன் அதைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, அடுத்த கணமே சண்டையைத் தானே நிறுத்தினார். அந்தப் பழைய படச்சுருளை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் படுவது, அங்கே கோபம் இல்லை என்பதுதான். ஒரு தச்சன் வேலை முடிப்பதைப்போல இருக்கும்.

அமெரிக்காவில் மட்டும் கோடிக்கணக்கானவர்கள் அதை வானொலியில் கேட்டார்கள். தென்மாநிலங்களில் வானொலி வைத்திருந்த ஒரு வீட்டைச் சுற்றி ஊரே கூடியது. தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு அந்த முற்றங்களைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. அங்கே செய்தி வரும்வரை மூச்சைப் பிடித்திருந்தவர்கள், வென்றதும் தெருவுக்கு வந்து ஆடினார்கள். சில இடங்களில், வெள்ளையர் காதில் விழாதபடி கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார்கள்.

ஷ்மெலிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. அவருடைய அமெரிக்க முகாமையாளர் ஜோ ஜேக்கப்ஸ் ஒரு யூதர். அவரைக் கைவிடும்படி வந்த அழுத்தத்துக்கு ஷ்மெலிங் பணியவில்லை. அதே 1938 நவம்பரில், ஜேர்மனியில் யூதர்களின் கடைகளும் வழிபாட்டிடங்களும் எரிக்கப்பட்ட நாட்களில், நண்பர் ஒருவரின் இரண்டு யூதப் பிள்ளைகளைத் தன் ஹோட்டல் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பல பத்தாண்டுகளுக்கு அதை வெளியில் சொல்லவுமில்லை. தோற்று வந்தவரை ஆட்சி கண்டுகொள்ளவில்லை. போரில் பரசூட் படைச் சிப்பாயாக்கி 1941இல் கிரீட் தீவில் குதிக்க வைத்தார்கள்.

லூயிஸ் 11 ஆண்டுகளுக்கு மேல் சம்பியனாக இருந்து 25 தடவை பட்டத்தைக் காத்தார். ஹெவிவெயிட்டில் அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. அவற்றில் 1941இல் பில்லி கொன் என்பவரோடு நடந்தது மறக்க முடியாதது. எடையில் குறைந்த கொன் 12 சுற்று முடிவில் புள்ளிகளில் முன்னால் நின்றார். புள்ளிகளால் வெல்வது போதாதென்று 13ஆம் சுற்றில் நேருக்கு நேர் அடிக்கப்போய் மாட்டிக்கொண்டார். மற்றவற்றை விட்டுவிடுகிறேன்.

1942 ஜனவரியில் பட்டி பேயருடனான போட்டிப் பணத்தை, ஏறத்தாழ 47,000 டொலரை, கடற்படையினரின் நலன்புரி நிதிக்குக் கொடுத்தார். அந்தக் கடற்படை அப்போது கறுப்பினத்தவர்களைச் சமையலறை வேலைக்கும் பரிமாறலுக்கும்தான் எடுத்தது. அடுத்த நாளே இராணுவத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். மார்ச்சில் ஏப் சைமனை வென்ற பணத்தை இராணுவ நலன்புரி நிதிக்குக் கொடுத்தார். துப்பாக்கி முனைக் கத்தியோடு அவர் நிற்கும் சுவரொட்டி நாடெங்கும் ஒட்டப்பட்டது. ஆனால் படையில் கறுப்பருக்குத் தனி முகாம், தனி இருக்கை. அவர் சுமார் 20 இலட்சம் படையினர் முன்னால் காட்சிப் போட்டிகளில் மோதினார். அலபாமா முகாம் ஒன்றில் பஸ் தரிப்பிடத்தில் கறுப்பருக்குரிய பின்பக்கத்துக்குப் போகச் சொன்னபோது, அவரும் சுகர் ரே ரொபின்சனும் மறுத்தார்கள். இராணுவப் பொலிஸார் கைது செய்தார்கள். கன்சாஸ் முகாமில் அதிகாரிப் பயிற்சி மறுக்கப்பட்ட கறுப்பினச் சிப்பாய்களுக்காக லூயிஸ் வாஷிங்டனுக்குத் தகவல் அனுப்பிக் கதவைத் திறக்க வைத்தார். அவர்களில் ஒருவர், 1947இல் பேஸ்போலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ரொபின்சன். வாய் திறக்காதவர் என்று சொல்லப்பட்டவர், திறக்க வேண்டிய இடத்தில் திறந்திருக்கிறார்.

போர் முடிந்தது, பதக்கம் கிடைத்தது. பிறகு வரித் திணைக்களம் வந்தது. தானமாகக் கொடுத்த போட்டிப் பணமும் அவருடைய வருமானமாகவே கணக்கிடப்பட்டது. போர்க்காலத்தில் உச்ச வரி 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்தத் தானம் மட்டுமே அவரை அழித்தது என்ற கதையை நான் ஏற்கவில்லை. அவர் கணக்கில்லாமல் செலவழித்தார், கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார், முகாமையாளர்களிடமும் ஏற்பாட்டாளர்களிடமும் முன்பணம் வாங்கினார். 1946இல் கொன்னுடன் மறுபடி மோதிக் கிடைத்த 6 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை, பங்காளிகளுக்கும் கடன்காரருக்கும் விவாகரத்தான மனைவிக்கும் வரிக்கும் போய் முடிந்தது. ஆனால் நாட்டுக்காகக் கொடுத்த காசுக்கும் சேர்த்து வரி கேட்டது, அவருடைய சுவரொட்டியை ஒட்டிய அதே அரசுதான். 1950 அளவில் பாக்கி 5 இலட்சம் டொலரை எட்டியது. வட்டியோடு அது மில்லியனைத் தாண்டியது. 1953இல் தாய் இறந்தபோது மகனுக்கு விட்டுச்சென்ற சிறு தொகையையும் திணைக்களம் எடுத்துக்கொண்டது.

அதனால்தான் 1949இல் ஓய்வு பெற்றவர் திரும்பி வந்தார். 1950இல் எஸார்ட் சார்ள்ஸிடம் புள்ளிகளில் தோற்றார். 1951 ஒக்டோபரில், 37 வயதில், ரொக்கி மார்சியானோ அவரை எட்டாம் சுற்றில் கயிறுகளுக்கு வெளியே விழுத்தினார். வென்ற மார்சியானோ உடைமாற்றும் அறைக்குப் போய் அழுதார். லூயிஸ் அவருடைய சிறுபராயத்து நாயகன். பிறகு காசுக்காக மல்யுத்த மேடைகளிலும் ஏறினார். போதைப்பொருள், யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற பயம், 1970இல் மனநல வைத்தியசாலை என்று ஆண்டுகள் போயின. அறுபதுகளின் கறுப்பினத் தலைமுறை அவரை வெள்ளையருக்குப் பணிந்தவர் என்று ஏளனம் செய்தது. வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகம்மது அலியை அவரும் கண்டித்தார். அலியும் அவரைப் பழித்தார், பிறகு சமாதானமானார்கள். அலி நின்று பேசிய மேடையின் அத்திவாரத்தில் லூயிஸின் மௌனமும் கிடக்கிறது என்பதே என் எண்ணம்.

கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பலஸ் சூதாட்ட விடுதியில் விருந்தினரை வரவேற்கும் வேலை. 1977இல் இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலி. 1981 ஏப்ரல் 11ஆம் திகதி இரவு அதே விடுதியில் நடந்த லாரி ஹோம்ஸின் பட்டப் போட்டியைப் பார்த்தார். மறுநாள் காலை மாரடைப்பில் இறந்தார்.

ஆர்லிங்டன் இராணுவ மயானத்தில் அடக்கம் செய்ய அவருக்கு விதிப்படி தகுதி இல்லை. ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தினார். இறுதிச் சடங்கின் செலவில் ஒரு பகுதி ஜேர்மனியிலிருந்து வந்தது. 1954இல் சிக்காகோவுக்குத் தேடி வந்து லூயிஸைச் சந்தித்ததிலிருந்து நண்பராகவே இருந்த ஷ்மெலிங், போருக்குப் பின் கொக்கா கோலா வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்திருந்தார்.