வற்றாத ஊற்று

ஊத்துக்குளிக் கதித்தமலையில், அகத்திய முனிவரின் பூசைக்கு நீர் வேண்டி முருகப்பெருமான் வேலால் ஊற்றெழச் செய்தருளினான் என்பது தலவரலாறு. தோண்டத் தோண்டச் சுரப்பது ஊற்று, கல்வியும் அத்தகையதே. அதற்குச் சான்றாக வாழ்ந்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள்.

1855-ஆம் ஆண்டு தோன்றிய, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த ஐயரவர்கள், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டுப் பெரும்புலவரானார். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்தும், சீவகசிந்தாமணியை ஆராயப் புகுந்தபொழுது, சைன அன்பர்களை நாடிச் சென்று அவர்தம் சமயநெறியை மாணவரைப்போலக் கேட்டறிந்தார். அந்நூல் 1887-இல் வெளிவந்தது.

1915-இல் அவருக்கு அறுபதாண்டு நிறைந்தது. 1919-இல் அரசாங்கப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். பணி ஓய்ந்ததேயன்றிப் படிப்பு ஓயவில்லை. செல்லரிக்கும் ஏடு எவருடைய முதுமைக்காகவும் காத்திராதன்றோ! முதலும் முடிவும் சிதைந்து கிடைத்த பெருங்கதையை 1924-இல் பதிப்பித்தார். இழந்த பகுதிகள் மீளவில்லை, எஞ்சியவை பிழைத்தன.

1935-இல் அவருக்குச் சதாபிஷேக விழா நடந்தது. அத்துடன் அமைந்திருப்பின் யாரும் குறைகூறார். அவரோ, இரண்டே ஆண்டுகளில் குறுந்தொகையின் நானூற்றொரு பாடல்களையும் ஆராய்ந்து, தாமே உரை வரைந்து வெளியிட்டார். 1940-இல் வாரப்பத்திரிகையில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1942-இல் இறைவனடி சேர்ந்தபொழுது, அது முற்றுப்பெறாமலே நின்றது.

பழந்திருக்கோயிலைப் புதுக்கி நன்னீராட்டுதல் பெரும்புண்ணியம். ஆண்டு முதிர்ந்த உள்ளத்தைக் கல்வியால் புதுக்குதலும் அத்தகைய திருப்பணியேயாம்.