கம்மந்தான் கான் சாகிப்

சேனை உத்தியோகம் என்றவுடன் நம் இளைஞரின் மனக்கண்முன் தோன்றுவது பளபளக்கும் பித்தளைப் பொத்தானும், இடையில் தொங்கும் வாளும், எதிரில் நின்று சலாம் வைக்கும் சிப்பாயுமேயாகும். அவ்வுத்தியோகத்தின் உட்புறம் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் அயல் நாட்டுத் தளகர்த்தர்களின் சரித்திரங்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் தென்பாண்டிச் சீமையிலேயே ஒருவர் இருந்தார். கும்பினியார் அளித்த ‘கமாண்டெண்ட்’ என்னும் பதவிப் பெயர் ஜனங்களின் வாயிலே கம்மந்தான் என்று திரிந்து, அவருக்கே இயற்பெயர் போல நிலைத்துவிட்டது. கான் சாகிபு சண்டை என்ற நாட்டுப் பாடலும், மதுரையில் கான்சாமேட்டுத் தெருவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவரே முகம்மது யூசுப் கான்.

இராமநாதபுரம் சீமையில் பனையூர் என்னும் கிராமத்தில், 1725-ஆம் ஆண்டை ஒட்டி, வேளாளர் குடியிலே மருதநாயகம் என்ற பெயருடன் பிறந்தவர் அவர் என்பதும், இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறிப் பின்னர் இஸ்லாம் மதத்தைத் தழுவினார் என்பதும் வழிவழியாக வழங்கும் வரலாறு. அவரது இளமையைப் பற்றிக் கதைகள் பல உண்டு. அவற்றில் நாம் நேரத்தைச் செலவிடப் போவதில்லை. சரித்திரத்தின் வெளிச்சத்திற்கு அவர் வரும் ஆண்டு 1752. காவேரிப்பாக்கம் சண்டைக்குச் சற்று முன்பு, தாமே திரட்டிய ஆட்களுடன் வந்து கிளைவின் கீழ் அவர் சேவகத்தில் அமர்ந்தார்.

தாமே திரட்டிய ஆட்களுடன் என்றோம். வாசகர்கள் இதனைக் கவனித்தல் வேண்டும். போர்த்தொழில் பயிற்றிப் பட்டம் வழங்கும் கலாசாலை எதுவும் அக்காலத்தில் இந்நாட்டில் இல்லை. ஆளைச் சேர்த்தவனே அதிகாரி. தன்னை நம்பிவந்த ஐம்பது நூறு பேருக்குச் சோற்றுக்கும் சம்பளத்திற்கும் அவனே பொறுப்பாளி. கும்பினியார் காலத்தில் பணம் கொடுத்தால் அவன் தலைவன். பாக்கி விழுந்தால் அவனுடைய கூடாரத்தைத்தான் சிப்பாய்கள் முற்றுகையிடுவர். வீரம் இருந்தால் மட்டும் போதாது. கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், கடன் வாங்கும் சாமர்த்தியமும் வேண்டும்.

யூசுப் கானுக்குப் புகழைத் தந்த களம் திருச்சிராப்பள்ளி. மலைக்கோட்டையைச் சுற்றிப் பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் மராத்தியரும் வளைத்துக் கொண்டிருந்த அந்த நாட்களில், லாரன்ஸ் துரையின் சேனை உயிர் பிழைத்தது வெடிமருந்தினால் அன்று. தஞ்சைச் சீமையிலிருந்தும் தொண்டைமான் காட்டு வழியிலிருந்தும் வந்து சேர்ந்த அரிசி மூட்டைகளினால். அந்த மாட்டு வண்டிகளையும் பொதி மாடுகளையும் எதிரியின் குதிரைப்படைக்கு அகப்படாமல் இரவோடிரவாக நடத்திக் கொண்டுவரும் வேலை இவரிடம் விடப்பட்டது. எந்தக் காட்டில் எந்த ஒற்றையடிப் பாதை உண்டு, எந்தக் கிராமத்தில் யார் ஒற்றன், எப்பொழுது பாய்வது, எப்பொழுது வாயை மூடிக்கொண்டு பின்வாங்குவது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. யுத்த சரித்திரம் எழுதுவோர் வாள்வீச்சை வருணிக்கும் அளவிற்கு அரிசி மூட்டையை வருணிப்பதில்லை. ஆனால் லாரன்ஸ் அறிந்திருந்தார். தம் குறிப்புக்களில் யூசுப் கானை மனமாரப் புகழ்ந்துமிருக்கிறார்.

அதே முற்றுகைக் காலத்தில் அவருடைய தலை உருண்டுவிடவும் பார்த்தது. கோட்டையை மைசூராருக்குக் காட்டிக் கொடுக்க அவர் சதி செய்வதாகக் காட்டும் கடிதம் ஒன்று வெளிப்பட்டது. எதிரி வாயிலில் நிற்கும்போது இத்தகைய கடிதம் அகப்பட்டால், கையெழுத்தைக் கூடப் பாராமல் ஆளைச் சுட்டுவிடும் அவசரம் சேனைகளுக்கு இயல்பு. ஆயினும் விசாரணை நடந்தது. சூதின் வேர் லாரன்ஸின் துபாஷியான பொன்னியப்பனிடம் போய் முடிந்தது. யூசுப் கான் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். பொன்னியப்பன் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டான். இந்த விசாரணையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

1754-ல் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக அவர் நியமிக்கப்பெற்றார். தங்கப் பதக்கமும் கிடைத்தது. ஒரு தமிழர் அன்றைய ஆங்கிலச் சேனையில் அடையக்கூடிய உச்சி அதுவே. அந்த உச்சியும் வெள்ளைத் தளகர்த்தர்களின் காலடிக்குக் கீழே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்னர் அந்த உச்சியும் தணிந்தது. சிப்பாய்ப் பட்டாளங்களின் மீது ஆங்கில அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராக ஏற்றப்பட்டனர். 1796-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின் சுபேதாருக்கு மிஞ்சியது நரைத்த மீசையும் மரியாதைச் சொற்களுமே. ஸாண்ட்ஹர்ஸ்ட் கலாசாலையின் கதவு இந்தியருக்குத் திறந்தது 1918-ல். அதுவும் ஆண்டொன்றுக்குப் பத்து இடம். டேராடூனில் நம் நாட்டுக்கென ஒரு போர்க் கலாசாலை ஏற்பட 1932 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1758-ஆம் ஆண்டின் இறுதியில் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, தெற்கேயிருந்து யூசுப் கான் வரவழைக்கப்பட்டார். கோட்டைக்கு வெளியே செங்கற்பட்டு, பரங்கிமலைப் பக்கங்களில் சுற்றித்திரிந்து, பிரெஞ்சுக்காரருக்கு வரும் உணவை அறுத்து அவர்களைத் தூங்கவிடாமல் செய்த படைகளில் அவருடையதும் ஒன்று. அங்கே அவருடன் தோளோடு தோள் நின்றவர் பிரெஸ்டன் என்னும் ஆங்கிலத் தளகர்த்தர். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டுச் சென்றார்.

அவ்வாண்டே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு யூசுப் கானுக்குக் கும்பினியார் குத்தகைக்கு விட்டனர். நவாப் முகம்மது அலிக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. போர்வீரர் நிர்வாகியானார், நல்ல நிர்வாகியாகவும் விளங்கினார். ஏரி குளங்கள் செப்பனிடப்பட்டன. வழிப்பறி ஒடுங்கியது. முஸ்லிமாகிய அவர் மீனாட்சி கோயிலின் வருவாயைக் காத்தார் என்று மதுரை மக்கள் நன்றியுடன் சொல்லி வந்திருக்கின்றனர். ஆனால் பாளையக்காரர் பால் அவர் கை இரும்பாக இருந்தது. 1761-ல் புலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல் கோட்டை வீழ்ந்தது அவரால்தான். அவரைச் சுதேசாபிமானத்தின் உருவமாகத் தீட்டுவோர் இதனை மறைத்துவிடுகின்றனர். பிற்காலத்து அளவுகோலை அவர் மீது வைப்பது நேர்மையாகாது என்பது நமது அபிப்பிராயம். அவர் உப்பிட்டவருக்கு உழைத்த சேவகர். உப்பிட்டவர் யார் என்பதிலேதான் பின்னர் விவகாரம் முளைத்தது.

நவாப் ஒருபுறம் தமக்கே அவர் கட்டுப்பட்டவர் என்றார். கும்பினியார் தமக்கு வேண்டியபோது நவாபின் எஜமானர். வேண்டாதபோது நவாபின் நண்பர். யூசுப் கான் குத்தகையை 7 லட்சமாக உயர்த்தித் தருவதாகக் கேட்டும் பயனில்லை. 1763-ன் தொடக்கத்தில் அவர் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். காலம் அவரை ஏமாற்றிவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் பாரிஸ் நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் செய்துகொண்டதோடு, அவ்வுடன்படிக்கையில் முகம்மது அலியே கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாப் என்றும் இருவருமாக ஒப்புக்கொண்டிருந்தனர். எந்தக் கொடியின் நிழலில் அவர் ஒதுங்கினாரோ, அந்தக் கொடிக்குடையவர் முன்னரே அவரைக் கைவிட்டாயிற்று.

மதுரையை வளைக்க வந்தவர்கள் மான்ஸனும், பழைய தோழர் பிரெஸ்டனும். மழைக்காலம் வந்து அவர்களைத் துரத்தியது. 1764-ல் சார்லஸ் காம்பெல் தலைமையில் மீண்டும் முற்றுகை. ஜூன் 26-ல் கோட்டையின் மீது பாய்ந்த ஆங்கிலேயர் அடிபட்டுத் திரும்பினர்; பிரெஸ்டன் பட்ட காயத்தினால் மாண்டார். பின்னர் வாளைவிடப் பசியே வலிதென்று கண்டு, உணவு உட்புகாமல் காவல் வைத்தனர். திருச்சியில் அரிசி மூட்டை சேர்த்து ஆங்கிலேயரைக் காத்தவரை, அரிசி இல்லாமற் செய்தே ஆங்கிலேயர் மடக்கினர். அக்டோபர் 13-ல், தொழுகையில் இருந்த அவரைப் பிரெஞ்சுத் தலைவன் மார்ஷாந்தும், திவான் சீனிவாச ராவும், மற்றுஞ் சிலரும் சேர்ந்து பிடித்துக் கட்டிப் பகைவரிடம் ஒப்புவித்தனர். 15-ஆம் தேதி மதுரைக்கு மேற்கே பாசறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். உடல் துண்டுகளாக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டது என்பர். சம்மட்டிபுரத்தில் அவரது சமாதி இருக்கிறது.

பிடிபட்டதற்கும் தூக்கிற்கும் இடையில் இரண்டே நாள். சட்டம் பயின்ற நமக்கு ஒரு கேள்வி எழாமல் இல்லை. அவர் கும்பினியின் தளகர்த்தரானால், இராணுவ நீதிமன்றம் எங்கே? குத்தகைதாரரானால், கணக்கு வழக்கு எங்கே? குற்றம் கும்பினிக்கு எதிராயின் நவாபிடம் ஒப்புவிப்பானேன்? நவாபுக்கு எதிராயின், நவாபின் மறுப்பை மீறி அவரை அந்நாட்டில் அமர்த்தியவர் யார்? திருச்சியில் ஒரு பொய்க் கடிதத்திற்காக விசாரணை நடத்தியவர்கள், மதுரையில் ஒருவர் உயிருக்காக அரை நாள் கூட மன்றம் கூட்டவில்லை. திருச்சியில் அவர் வேண்டியிருந்தார்.

முகம்மது அலியின் உரிமைக்காக இவ்வளவும் செய்ததாகச் சொன்ன கும்பினியார், 1801 ஜூலை மாதத்தில் அவருடைய வழியினரிடமிருந்து கர்நாடகம் முழுவதையும், மதுரை திருநெல்வேலி உட்பட, ஓர் உடன்படிக்கையின் மூலம் தமக்கே எழுதி வாங்கிக் கொண்டனர்.