எடுபிடி வேலையில் தொடங்கி பெர்லின் விருது வரை: வி.சாந்தாராம் சினிமா கற்றுக்கொண்டது எப்படி?

சினிமாவிலோ டிவியிலோ ஓடிடி கம்பெனியிலோ இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் நாள் எப்படிப் போகும் என்று ஊகிக்கலாம். காலையில் கால் ஷீட் அனுப்ப வேண்டும், மதியம் பிராப்பர்ட்டி தேட வேண்டும், ராத்திரி ஹார்ட் டிஸ்க்கை எடிட் ஆபீஸில் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு வருஷம் இப்படியே ஓடினால், இதுக்காடா படிச்சோம் என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

இந்தக் கேள்வியோடு வி.சாந்தாராமின் ஆரம்ப காலத்தைக் கொஞ்சம் பாருங்கள். தமிழ்நாட்டில் அவர் பெயர் தெரியாதவர்களுக்கும் அவர் படத்தின் கதை தெரிந்திருக்கும். எம்.ஜி.ஆர் நடித்த 'பல்லாண்டு வாழ்க' (1975), சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' (1957) என்ற இந்திப் படத்தின் ரீமேக்தான். அந்த இந்திப் படம் 1958-ல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது வாங்கியது.

யார் இந்த சாந்தாராம்?

1901 நவம்பர் 18-ல் கோலாப்பூரில் பிறந்தவர். சினிமாவில் பெரிய குடும்பப் பின்னணி எதுவும் கிடையாது. சிறுவனாக இருந்தபோது கந்தர்வ நாடக மண்டலியில் சில காலம். பிறகு ஹூப்ளி ரயில்வே பணிமனையில் வேலை. அந்த ஊரிலேயே தகரக் கொட்டகை சினிமா ஒன்றில் கிடைத்த சில்லறை வேலைகளையும் செய்தார். அங்கேதான் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது.

1920-ல் கோலாப்பூரின் மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனியில் சேர்ந்தார். அதை நடத்தியவர் பாபுராவ் பெயின்டர். நாடகத் திரைச்சீலைகள் வரைந்துகொண்டிருந்தவர். வெளிநாட்டிலிருந்து கேமரா வரவழைக்க வழியில்லாதபோது, உள்ளூரிலேயே ஒரு கேமராவைச் செய்துகொண்டவர். அப்படிப்பட்டவரிடம் சாந்தாராமுக்குக் கிடைத்த பதவி? எடுபிடி. அவ்வளவுதான்.

அந்த வேலையில் அப்படி என்ன இருந்தது?

அது மௌனப் பட காலம். கம்பெனி என்றால் ஒரே வளாகத்துக்குள் செட், கேமரா, லேப், எடிட்டிங் எல்லாமே. ஆள் குறைவு. கை கொடுக்கத் தயாராக இருப்பவர் எல்லா அறைக்குள்ளும் போய்வரலாம். சாந்தாராம் அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார். லேபில் ஃபிலிம் கழுவினார், கேமராவுக்கு உதவினார், எடிட்டிங்கில் உட்கார்ந்தார். 1921-ல் 'சுரேகா ஹரண்' படத்தில் நடித்தார். 1925-ல் வந்த 'சாவ்காரி பாஷ்' படத்தில், வட்டிக்காரனிடம் நிலத்தை இழக்கும் விவசாயியாக நடித்தார். இந்தியாவில் சாமானியர்களின் கஷ்டத்தைச் சொன்ன ஆரம்பகாலப் படங்களில் அது முக்கியமானது.

இயக்கும் வாய்ப்பு 1927-ல் 'நேதாஜி பால்கர்' படத்தில்தான் வந்தது. அதாவது, உள்ளே நுழைந்து ஏழு வருஷம் கழித்து. இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டது எப்போது?

1929-ல். தனியாகப் போகவில்லை. தாம்லே, ஃபத்தேலால், தாய்பர் ஆகிய சக ஊழியர்களோடு போனார். பணம் போட சீதாராம் குல்கர்னி சேர்ந்தார். ஐந்து பேரும் கோலாப்பூரில் தொடங்கியதுதான் பிரபாத் ஃபிலிம் கம்பெனி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஃபத்தேலாலுக்குக் கலை இயக்கம் கைவந்தது, தாய்பருக்கு கேமரா. பேசும் படம் வந்ததும் தாம்லே ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டார். ஆளுக்கொரு தொழில் கையில் இருந்ததால், வெளியாளை நம்பாமல் ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை எடுக்க முடிந்தது.

1932-ல் 'அயோத்தியேச்சா ராஜா' என்ற மராத்தி பேசும் படம், அதே கதை இந்தியிலும். எல்லாமே ஜெயித்துவிடவில்லை. 1933-ல் 'சைரந்திரி'யை வண்ணப் படமாக்க ஜெர்மனி வரை போனார்கள். நிறம் சரியாக வரவில்லை. ஆனால் அடுத்த வருஷமே வந்த 'அம்ருத் மந்தன்' படத்தில், பூசாரியின் ஒற்றைக் கண் திரை முழுக்க நிற்கும் க்ளோசப்பை டெலிஃபோட்டோ லென்ஸ் வைத்து எடுத்தார். லென்ஸ் என்ன செய்யும் என்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்டவருக்குத்தான் இப்படி யோசிக்க வரும்.

1937-ல் வயதானவருக்குக் கட்டிவைக்கப்பட்ட இளம்பெண் எதிர்த்து நிற்கும் 'குங்கு'. 1942-ல் பிரபாத்திலிருந்து விலகி மும்பையில் ராஜ்கமல் கலாமந்திர். 1957 படத்தில் இயக்கம், நடிப்பு இரண்டும் அவரே. மாடோடு மோதும் காட்சியில் கண்ணில் அடிபட்டு, கொஞ்ச காலம் பார்வையே இல்லாமல் இருந்தார். 1985-ல் தாதாசாகேப் பால்கே விருது. 1990 அக்டோபர் 30-ல் மறைந்தார்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

எந்த எடுபிடி வேலையும் ஒருநாள் பெரிய ஆளாக்கிவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாபுராவ் பெயின்டரின் கம்பெனியில் வேலை செய்த எல்லோரும் சாந்தாராம் ஆகவில்லை. இன்று அனுபவம் கிடைக்கும் என்று சொல்லியே சம்பளம் தராத இடங்களும் உண்டு. அங்கே எதுவும் கற்க முடியாவிட்டால், அது பயிற்சி இல்லை, இலவச உழைப்பு.

ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். சேர்ந்தபோது தெரியாத எந்த வேலையை இப்போது தனியாகச் செய்ய முடிகிறது? எடிட், சவுண்ட், டிஐ என்று பக்கத்து அறைகளுக்குள் போய் உட்கார அனுமதி இருக்கிறதா? நாளைக்கு வெளியே போனால் கூட வரக்கூடிய, வேறு வேறு தொழில் தெரிந்த மூன்று பேராவது பழக்கமாகியிருக்கிறார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் வேறு டீம் தேடுங்கள். ஒன்றுக்காவது ஆமாம் என்றால், இன்னும் கொஞ்ச நாள் இருந்து மற்ற இரண்டுக்கும் வழி பாருங்கள்.

1933-ல் பிரபாத் புனேவுக்கு மாறியது. குரு தத் தொழில் கற்றுக்கொண்டதும் அந்த ஸ்டூடியோவில்தான். கம்பெனி மூடப்பட்ட பிறகு, 1960-ல் அதே வளாகத்தில் அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் வந்தது. இன்று நுழைவுத் தேர்வு எழுதி மாணவர்கள் போகும் புனே இன்ஸ்டிட்யூட் அதுதான்.