விவாத மேடையில் விழுந்த கேள்வி

மகன் விவாதப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டான் என்று கேட்டால் நம் தோட்டப்புறத் தாய்மார் சிலருக்கு உள்ளூர ஒரு பயம். முதலில் வாய் வளரும்; பிறகு கேள்வி வளரும்; கடைசியில் கோயிலையும் சுவாமியாரையும் கேள்வி கேட்பான் என்ற பயம். அது வீண் பயமும் அல்ல. நோர்வூட்டில் பிறந்த பிள்ளை ஹட்டனுக்கோ கண்டிக்கோ பேராதனைக்கோ படிக்கப் போகும்போது, கடவுளே இல்லை என்று வாதாடும் தோழர்களைச் சந்திக்கத்தான் வேண்டும். அந்தச் சந்திப்பில் விசுவாசம் போய்விடவும் கூடும், வேரூன்றவும் கூடும். வேரூன்றிய ஒருவருடைய வரலாறு இது.

ஏழைகளின் வீடு தேடிச் சென்று உதவும் வின்சென்ட் டி போல் சபையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. அந்தச் சபை ஒரு ஆயராலோ துறவியாலோ தோன்றியதல்ல. கல்லூரி மாணவர் சிலர், ஒரு விவாதத்தில் பதில் சொல்ல முடியாமல் போனதால் தோன்றியது. அவர்களுள் முதன்மையானவர் பிரெடரிக் ஓசானாம்.

1813ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மிலான் நகரில் பிறந்தார். தந்தை வைத்தியர், ஏழைகளிடம் காசு பாராமல் வைத்தியம் செய்தவர். தாய் பெற்ற பிள்ளைகள் பதினான்கு பேரில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே இறந்தனர். பிரெடரிக் குழந்தையாயிருக்கையிலேயே குடும்பம் பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குத் திரும்பியது. நம் மலைநாட்டுக்குத் தேயிலை எப்படியோ, லியோனுக்குப் பட்டு அப்படி. உலகச் சீமாட்டிகள் உடுத்திய பட்டை நெய்தவர்கள் அரை வயிற்றுக் கூலியில் வாழ்ந்தார்கள்.

பதினைந்து பதினாறு வயதில் பிரெடரிக்கின் மனத்தில் ஐயம் புகுந்தது. தாய்மடியில் கற்ற விசுவாசம் உண்மைதானா என்ற கேள்வி இரவெல்லாம் அவரை வாட்டியது. பள்ளியில் தத்துவம் கற்பித்த நோவாரோ சுவாமியார் அந்தப் பிள்ளையை அதட்டவில்லை. கேள்விக்குக் கேள்வி போட்டு, அவரையே யோசிக்க வைத்து, மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். (மறைக்கல்வி வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லிவிடும் நாம் இந்தச் சுவாமியாரைச் சற்று நினைத்துக்கொள்வது நல்லது.) ஐயம் தீர்ந்தபோது, உண்மைக்குத் தொண்டு செய்வதாக அவர் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தார். பதினெட்டாம் வயதில், கிறிஸ்தவத்தின் காலம் முடிந்துவிட்டது என்று பிரசாரம் செய்த சென்-சிமோன் இயக்கத்தாருக்கு மறுப்பாக ஒரு சிறு நூலும் எழுதி வெளியிட்டார்.

1831இல் சட்டம் படிக்கப் பாரிஸ் சென்றார். லியோன் நெசவாளர் கூலி கேட்டுக் கிளர்ந்தெழுந்ததும் அதே நவம்பர் மாதத்தில்தான். பாரிசில் அவருக்கு இடம் கொடுத்தவர் விஞ்ஞானி அம்பியர். நம் வீட்டு மின்சாரப் பியூசில் 5 அம்பியர், 15 அம்பியர் என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பெயருக்குரியவரேதான். அவ்வளவு பெரிய அறிஞர் பக்தியுள்ள கத்தோலிக்கராய் வாழ்வதைக் கண்டது மாணவருக்குப் பெரிய பலம். பலம் தேவையாகவும் இருந்தது. சொர்போன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் சிலர் வேதத்தை வெளிப்படையாகவே தாக்கினர். ஓசானாமும் தோழரும் கூச்சல் போடவில்லை. மறுப்பை எழுதிக் கொடுத்தார்கள். பேராசிரியர் ழூஃப்ருவா அதை வகுப்பிலேயே வாசிக்க நேர்ந்தது.

பாயி என்ற கத்தோலிக்கப் பத்திரிகையாளர் மாணவருக்காக ஒரு விவாதக் கழகம் நடத்தி வந்தார். அங்கே விசுவாசிக்கும் இடம் உண்டு, நாத்திகனுக்கும் இடம் உண்டு. ஓசானாம் பிறவிப் பேச்சாளர் அல்லர். எழுந்து நின்றால் முகம் வெளுக்கும், தொடக்கத்தில் சொல் தடுமாறும். போகப் போகத்தான் சூடு பிடிக்கும்.

1833ஆம் ஆண்டு அக்கழகத்தில் திருச்சபையின் நன்மைகளை அவர் தரப்பினர் எடுத்துரைத்தபோது, எதிர்த் தரப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். பழைய காலத்தில் உங்கள் சமயம் பெரிய காரியங்கள் செய்தது உண்மைதான். இன்று இந்த நகரத்து ஏழைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது அவன் கேள்வி. முந்திய ஆண்டுதான் பாரிசைக் கொலராக் கொள்ளைநோய் சூறையாடியிருந்தது. நகரின் ஏழைகள் மாடிக் கூரைக்கடியிலும் நிலவறையிலும் கிடந்தார்கள்.

சாமர்த்தியமாக ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய எவனுக்கும் அது கைவந்த கலை. ஓசானாம் சமாளிக்கவில்லை, எதிரி கேட்டது நியாயம் என்று ஏற்றுக்கொண்டார். அவருடைய பெருமை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த ஏப்ரல் 23ஆம் நாள், அவருடைய இருபதாவது பிறந்த நாளில், பாயியின் பத்திரிகை அலுவலகத்தில் ஆறு மாணவர்கள் கூடினார்கள். எந்த வீட்டுக்குப் போவது, போய் எப்படிப் பழகுவது என்று வழிகாட்டியவர் ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரி. ரொட்டிச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு, வாரந்தோறும் இருண்ட படிக்கட்டுகளில் ஏறி இறங்கினார்கள். எடுத்துப் போனதை வாசலில் வைத்துவிட்டு ஓடி வரவில்லை; உட்கார்ந்து பேசினார்கள். அன்று தொடங்கிய சபை இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

செயலில் இறங்கியதால் பேச்சை அவர் கைவிட்டாரா? இல்லை. வாலிபருடைய ஐயங்களுக்கு விடை தரும் பிரசங்கங்கள் வேண்டும் என்று தோழருடன் பேராயரை இருமுறை நேரில் கண்டு கேட்டார். அதன் பலனாக 1835ஆம் ஆண்டுத் தபசு காலத்தில் லக்கோர்தேர் சுவாமியார் நோத்ரதாம் பேராலயத்தில் பிரசங்கம் செய்தார். மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள்.

ஏழை வீட்டுப் படிக்கட்டு அவருடைய பேச்சையும் மாற்றியிருந்தது. 1839இல் லியோனில் வணிகச் சட்டம் கற்பிக்க வந்தபோது, கூலியைப் பற்றியே வகுப்பில் பேசினார். தொழிலாளியை இயந்திரமாக நடத்தலாகாது. அவன் பிழைக்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், முதுமையில் ஒதுங்கவும் போதுமானதாய்க் கூலி இருக்கவேண்டும் என்று கற்பித்தார். திருச்சபை தொழிலாளர் பற்றிய முதல் சுற்றுமடலை வெளியிட்டது 1891இல். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வாலிப ஆசிரியர் சொன்னது இது. நாட்சம்பளத்துக்காக ஒவ்வொரு முறையும் போராட வேண்டியிருக்கும் நம் மக்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

1841இல் அமெலியை மணந்தார். மரி என்ற ஒரே மகள். 1844இல் சொர்போனிலேயே பேராசிரியரானார். முழந்தாளிட்டுச் செபிக்காமல் விரிவுரைக்குப் போனதில்லை. 1852இல் காய்ச்சலாய்க் கிடந்தபோது, மாணவர்கள் விரிவுரை கேட்டுக் கூச்சலிடுவதாகச் செய்தி வந்தது. மனைவியும் வைத்தியரும் தடுத்தும் கேளாமல் எழுந்து போய்ப் பேசினார். அதன்பின் அவர் அங்கே பேசவில்லை.

1853 செப்டெம்பர் 8ஆம் நாள், தேவமாதாவின் பிறந்த நாளன்று, மார்செய் துறைமுகத்தில் காலமானார். வயது நாற்பது. 1997 ஆகஸ்ட் 22ஆம் நாள், உலக இளைஞர் தினத்துக்காக வாலிபர் கூடியிருந்த பாரிசில், நோத்ரதாம் பேராலயத்தில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். கார்மேல் சபையாருடையதாயிருந்த பழைய ஆலயம் ஒன்றின் நிலவறையில் அவர் கல்லறை இருக்கிறது. ஆலயத்தை ஒட்டியே கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். மாணவர்கள் நாள்தோறும் அவ்வழியே வகுப்புக்குப் போகிறார்கள்.