குழாயை அளந்த டாக்டர்

ஹைட்ராலிக்ஸ் பரீட்சைக்கு முந்தின ராத்திரி நாம் உருப்போடும் பெயர்களில் ஒன்று பாய்சொய். மனுஷன் இன்ஜினியர் என்றுதானே நினைத்தீர்கள்? அதுதான் இல்லை, அவர் ஒரு டாக்டர்!

ழான் லியோனார் மாரி பாய்சொய் 1797-ல் பாரிஸில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். 1815-ல் புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். (நமக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை!) மறு வருஷமே அரசியல் காரணத்தால் கல்லூரியை மூடி, மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். படிப்பு போச்சே என்று அவர் உட்காரவில்லை. கற்ற கணக்கையும் இயற்பியலையும் கையோடு கொண்டுபோய் மருத்துவம் படித்தார்.

ஏற்கெனவே ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியது. அத்தனை உயரக் குழாயோடு மல்லுக்கட்ட முடியுமா? பாய்சொய் 1828-ல் பாதரச மானோமீட்டரைக் கொண்டுவந்தார். இன்றும் பி.பி.யைப் பாதரச மில்லிமீட்டரில்தான் சொல்கிறோம்.

அளந்ததில் ஓர் ஆச்சரியம். சுமார் 2 மி.மீ. தமனியிலும் அழுத்தம் பெரிதாகக் குறையவில்லை. அப்படியென்றால் அதைவிட நுண்ணிய குழாயில் என்னதான் நடக்கிறது? மிக மெல்லிய துளையுள்ள கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரைச் செலுத்தி, வருஷக்கணக்கில் அளந்தார். 1840-41-ல் விடை வந்தது: ஓட்டம் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஜெர்மன் இன்ஜினியர் ஹாகனும் 1839-ல் தனியாக இதே விஷயத்தைத் தொட்டிருந்தார்.

இதில் நமக்கென்ன? பவர் பிரஸ்ஸில் விரல் துண்டான தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். சர்ஜன் மைக்ராஸ்கோப் வைத்து 1 மி.மீ. ரத்தக்குழாயைத் தைத்துச் சேர்க்கிறார். உடம்பு குளிர்ந்தாலோ ரத்தத்தின் அளவு குறைந்தாலோ அந்தக் குழாய் சுருங்கும். விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு! அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் ஓட்டம் இரண்டு மடங்குதான். பி.பி. சரியாக இருந்தும் விரல் வெளுத்துப்போவது இதனால்தான். அதனால் நோயாளியைக் கதகதப்பாக வைத்து, திரவம் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ரத்தம் தண்ணீர் அல்ல, தமனி கண்ணாடியும் அல்ல. கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாதுதான். ஆனாலும் அது தரும் எச்சரிக்கை பொய்யில்லை.

பாய்சொய் 1869-ல் மறைந்தார். பாகுநிலையின் அலகான ‘பாய்ஸ்’ அவர் பெயரால் வந்தது. அடுத்த முறை ஃபார்முலாவில் அந்த நான்கைப் பார்க்கும்போது, அது மார்க்குக்கு மட்டுமல்ல, ஒருத்தர் விரலுக்கும் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள்!