விண்கல்லைப் படித்த வேதியியலறிஞர்

பரந்து விரிந்த இப்பேரண்டத்தில் உயிர்கள் வாழுமிடம் நம் மண்ணுலகம் ஒன்றுதானா? இவ்வினாவுக்கு விடை காணத் தம் வாழ்நாளை ஈந்த அறிஞர்களுள், அண்டை நாடாம் இலங்கை ஈன்ற சிரில் பொன்னம்பெரும குறிப்பிடத்தக்கவர்.

1923-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் காலி நகரில் பிறந்த அன்னார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்று 1948-இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் பிர்க்பெக் கல்லூரியில் சேர்ந்து 1959-இல் வேதியியலில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது. 1962-இல் அமெரிக்காவின் பெர்க்லியில், நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வினிடம் ஆய்ந்து முனைவரானார். கல்விக்கு வயது வரம்பில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ! அதன்பின் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் வேதிப் பரிணாமப் பிரிவின் தலைவராகப் பணியாற்றினார்.

திருமயம் குன்றின் குடைவரைகளைக் கண்டு வளரும் நம் மாணவர்க்குக் கல்லும் வரலாறு கூறும் என்பது தெரிந்ததே. பொன்னம்பெரும படித்ததோ விண்ணிலிருந்து வந்த கல்! 1969 செப்டம்பர் 28-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கல் ஒன்று வீழ்ந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1970-இல் அறிவித்தனர்.

அவை மனிதர் கைபட்டு ஒட்டிக்கொண்டவையாக இருத்தல் கூடாதா? இவ்வையத்தை அவர்கள் நுட்பமாகத் தீர்த்தனர். அமினோ அமிலங்களுள் பெரும்பாலானவை இடக்கை, வலக்கை போன்று ஒன்றுக்கொன்று எதிருருவான இருவடிவங்கள் உடையவை. மண்ணுலக உயிர்களின் புரதங்களில் அமைவது இடக்கை வடிவமே. அக்கல்லிலோ இருவடிவங்களும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. புரதங்களில் காணப்படாத அமினோ அமிலங்களும் இருந்தன. ஆகவே அவை விண்ணில் விளைந்தவை என்பது புலனாயிற்று. அதே சான்று, அவை உயிரின் செயலால் அன்றி வேதிவினையால் உண்டானவை என்பதையும் காட்டிற்று.

நிலவு மண்ணை ஆராய்ந்தபோது அவர் அதில் உயிரின் சுவடு காணவில்லை. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலத்தின் சோதனையில் மண்ணிலிருந்து ஆக்சிஜன் வெளிப்பட்டது. உயிர் இன்றியே, வெறும் வேதிவினையாலும் அது நிகழக்கூடும் என அவருடைய ஆய்வுக்குழு விளக்கிற்று. தாம் நாடியதைக் கண்டுவிட்டதாகக் கூற வாய்ப்பிருந்தும், சான்று நின்ற இடத்தில் தாமும் நின்ற பெருந்தகை அவர்.

1971 முதல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பொன்னம்பெரும 1994 டிசம்பர் 20-இல் மறைந்தார். பென்னு சிறுகோளிலிருந்து 2023-இல் கொணரப்பட்ட மண்ணிலும் அமினோ அமிலங்கள் இருப்பது 2025-இல் அறிவிக்கப்பட்டது. ஆங்கும் இருவடிவங்களும் ஏறத்தாழச் சமமே! உயிருக்குரிய மூலப்பொருள்கள் விண்ணில் உள. உயிர் உண்டா என்பது இன்னும் விடையறியா வினா. அதற்கு விடை காணும் பொறுப்பு இன்றைய மாணவச் செல்வங்களுக்கும் உரியதாகும்.