ஜார்ஜ் முல்லர்

ஜார்ஜ் முல்லர் 1805-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டிற் பிறந்தார். விடுதிக்குரிய பணத்தைச் செலுத்தாது ஏய்த்தமையால் 16-ஆம் வயதிற் சிறை புகுந்தார். பின்னர்க் கிறித்துவின்பால் உள்ளம் ஒப்புவித்துத் திருந்தினார். இங்கிலாந்து சென்று சமயப்பணி ஆற்றினார்.

1836-இல் பிரிஸ்டல் நகரில் அநாதைச் சிறுமியர்க்கு ஓர் இல்லம் அமைத்தார். எவரிடமும் பொருள் கேளாது இறைவனிடமே வேண்டுவதென உறுதிபூண்டார். அடுத்த வேளை உணவுக்குக் காசில்லாத நாள்களும் வந்தன. அப்பொழுதும் அவர் கலங்கவில்லை, கடன் வாங்கவுமில்லை. அன்பர் கொடை வேளையறிந்து வந்து உதவிற்று.

நம்பிக்கை அவரைச் சோம்பியிருக்கச் செய்யவில்லை. வந்த பொருளுக்கெல்லாம் கணக்கெழுதி ஆண்டுதோறும் வெளியிட்டார். 1870-இல் ஐந்து பெரிய இல்லங்கள் ஏறத்தாழ 2,000 பிள்ளைகளுக்கு இடமளித்தன. 1898-இல் அவர் மறையுமுன் 10,000-க்கு மேற்பட்டோர் அங்கு ஆதரவு பெற்றிருந்தனர். முன்பு பிறரை ஏய்த்தவர், நாளைய நிலை அறியாதபோதும் இறைவனை நம்பி நேர்மையுடன் வாழ்ந்தார்.